புகார் பூஜ்யம் என்றால் குறையே இல்லை என்று அர்த்தமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் பொறுப்பான முதலீடு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றிலும் ஒழுங்காக நடக்கும் நிறுவனங்களின் பங்குகளில் பணம் போட்டால் லாபமும் கூடும், மனசுக்கும் நிம்மதி, இதை ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்று அதில் இருந்தது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ், அதாவது விதிகள் பின்பற்றப்படுவதைக் கவனிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் கேள்வித்தாளை நிரப்புவது, ஆடிட்டுக்கு ரெஜிஸ்டர்களைத் தயார் செய்வது, ஆடிட்டர் வந்தால் கூடவே கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங் என்று எல்லா இடமும் சுற்றி வருவது என் வேலை. தொலைதூரக் கல்வியில் எம்.காம். படித்தபோது ப்ராஜெக்ட்டுக்கு இந்தத் தலைப்பையே எடுத்தேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் அப்போது வந்தது, இன்னும் விடவில்லை.

நிரூபணம் என்று பலரும் கைகாட்டுவது 2015-இல் வந்த ஒரு கட்டுரையை. ஃப்ரீடே, புஷ், பாசன் என்ற மூன்று ஜெர்மன் ஆய்வாளர்கள், 1970-களிலிருந்து வெளிவந்த ஏறக்குறைய 2,200 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டினார்கள். அவற்றில் சுமார் 90 சதவீத ஆய்வுகளில், நிறுவனம் பொறுப்பாக நடப்பதால் அதன் நிதி நிலைக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை என்றார்கள். கெடுதல் இல்லை என்றால் நன்மை என்று ஆகிவிடாது. 'இப்படியும் தெரியவில்லை, அப்படியும் தெரியவில்லை' என்று முடித்தவையும் அந்த 90-க்குள் அடக்கம். ஒவ்வோர் ஆய்வாக எண்ணிப் பார்த்த வகையில், தெளிவாக நன்மை தெரிந்தவை பாதிக்கும் சற்றுக் குறைவுதான். இதே எண், பலரின் பணத்தைத் திரட்டிப் பங்குகளில் போடும் ஃபண்டுகளை விற்பவர்களின் நோட்டீஸில் ஏறும்போது '90 சதவீத ஆய்வுகள் லாபம் என்கின்றன' என்று மாறிவிடுகிறது.

அடுத்தது 2016-இல் வந்தது. ஹார்வர்டின் ஜார்ஜ் செராஃபைமும் உடன் இருவரும் எழுதியது. அந்தந்தத் தொழிலுக்கு எது முக்கியமோ அதில் அக்கறை காட்டும் நிறுவனங்களின் பங்குகள் நன்றாகப் போகின்றன என்றார்கள். சாயத் தொழிலுக்குத் தண்ணீர் முக்கியம், வங்கிக்கு அது அவ்வளவு முக்கியமில்லை என்பதுபோல. கேட்டால் நியாயமாகப் படும். 2022-இல் பெர்கிக்கி, கிங் என்ற இருவர் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். கணக்குப் போடும் விதத்தில் நியாயமான சின்ன மாற்றங்கள் செய்தாலே அந்த முடிவு நிலைக்கவில்லை என்று எழுதினார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதித்துப் பார்ப்பதில்தான் ஆய்வின் உயிரே இருக்கிறது. ஆனால் முதல் கட்டுரை மட்டும் செய்தியாகி, இரண்டாவது செய்தியாகாமல் போனால், படித்துவிட்டுப் பணம் போடுகிறவருக்கு பாதிக் கதைதான் போய்ச் சேருகிறது.

லாபம் வருமா வராதா என்பதைப் பணம் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இவர்கள் எதை வைத்து ஒரு கம்பெனியை நல்ல கம்பெனி என்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

இதைப் பற்றி நான் படித்ததிலேயே மிகவும் உபயோகமானது ஃப்ளோரியன் பெர்க், யூலியான் கோல்பெல், ரொபெர்ட்டோ ரிகோபோன் மூவரும் 2022-இல் வெளியிட்ட கட்டுரை. இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். நிறுவனங்களுக்கு மார்க் போடும் ஆறு பெரிய ஏஜென்சிகளை எடுத்துக்கொண்டு, ஒரே கம்பெனிக்கு ஆறு பேரும் என்ன மார்க் போடுகிறார்கள் என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கு மார்க் போடும் ஏஜென்சிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்லும். இங்கே அப்படி இல்லை. முழுக்க ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லை என்றால் 0 என்று வைத்தால், இவர்களுக்குள் சராசரி 0.54. சில ஜோடிகளுக்கு 0.38. ஒருவர் முதல் வரிசையில் உட்கார வைக்கும் கம்பெனியை இன்னொருவர் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடலாம்.

ஏன் இந்த வேறுபாடு என்றும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். எந்தெந்த விஷயத்தைக் கணக்கில் எடுப்பது என்பதால் வருவது 38 சதவீதம். எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதால் வெறும் 6. மீதி 56 சதவீதம், ஒரே விஷயத்தை ஆளுக்கொரு விதமாக அளப்பதால் வருகிறது. அதற்கு அவர்கள் தரும் உதாரணத்தைப் படித்தபோது எங்கள் ஊரைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது. தொழிலாளர்களை ஒரு கம்பெனி எப்படி நடத்துகிறது என்பதை, வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கையை வைத்தும் அளக்கலாம், அந்தக் கம்பெனி மேல் தொழிலாளர்கள் போட்ட வழக்குகளின் எண்ணிக்கையை வைத்தும் அளக்கலாம் என்கிறார்கள்.

திருப்பூரில் இன்று ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். சம்பளப் பிரச்சினை வந்தாலும் சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசினாலும் அவர்கள் லேபர் கோர்ட்டுக்குப் போவதில்லை. பாஷை தெரியாது, வக்கீல் தெரியாது, வாய்தா வாய்தாவாக இங்கே வந்து நிற்க முடியாது. சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவார்கள், அல்லது பக்கத்து கம்பெனிக்குப் போய்விடுவார்கள். வழக்கை எண்ணுகிற ஏஜென்சி அந்தக் கம்பெனிக்கு முழு மார்க் தரும். போனவர்களை எண்ணுகிற ஏஜென்சி ஃபெயில் போடும். கம்பெனி ஒன்றுதான், அந்தத் தொழிலாளர்கள் பட்ட பாடும் ஒன்றுதான்.

ஆடிட் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். செலோ டேப் போட்டு ரெஜிஸ்டரில் ஒட்டி, பக்கத்திலேயே தேதி, நேரம், மெஷின் நம்பர், டெய்லர் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு முனை கிடைக்காவிட்டாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ் முழுவதும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். எங்கோ ஒரு குழந்தையின் உடம்பில் ஊசி குத்திவிடக் கூடாது என்பதற்கான விதி இது. அவசியமான விதி, நானே முன்னால் நின்று கண்டிப்பாக நடத்துகிறேன். அதே ஊசி டெய்லரின் விரலில் ஏறினால்? விபத்து ரெஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. அதில் இந்தத் துல்லியத்தை நான் பல இடங்களில் பார்த்ததில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரி எடுத்து ஒட்டிக்கொண்டு அந்த அம்மா திரும்பவும் மெஷினில் உட்கார்ந்துவிடுவார். தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில் கை நின்றால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. ஊசியைப் பற்றி பையருக்குக் கவலை இருந்தது, அதனால் ஊசியை அளக்கக் கற்றுக்கொண்டோம். விரலைப் பற்றி யாராவது அதே அழுத்தத்தோடு கேட்டிருந்தால் விரலுக்கும் ஒரு ரெஜிஸ்டர் வந்திருக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் புகார்ப் பெட்டி மேனேஜர் ரூம் வாசலில், நேர் மேலே கேமராவோடு மாட்டியிருந்தது. சாவியும் அவரிடமே. வருஷக் கடைசியில் பெட்டியைத் திறந்து, தொழிலாளர் புகார் வந்தது 0, தீர்த்தது 0, நிலுவை 0 என்று எழுதுவார்கள். பெட்டி இருக்கிறதா என்று ஆடிட்டர் பார்த்தார், ரெஜிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்தார், டிக் போட்டார். அது பங்குச் சந்தையில் இல்லாத சின்ன கம்பெனி. ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலான பெரிய நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கையிலும் இதே அட்டவணைதான் இருக்கிறது.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2021-இல் கொண்டுவந்த பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைத்தான் சொல்கிறேன். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் இதைக் கட்டாயம் வெளியிட வேண்டும். எனக்கு இந்த அறிக்கை மேல் மரியாதை உண்டு. நிரந்தரத் தொழிலாளி எத்தனை பேர், ஒப்பந்தத் தொழிலாளி எத்தனை பேர், ஆண்களின் இடைநிலைச் சம்பளம் (சம்பள வரிசையில் சரியாக நடுவில் இருப்பவர் வாங்குவது) என்ன, பெண்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவர்கள் எத்தனை சதவீதம், கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடு உண்டா என்றெல்லாம் கேட்கிறது. இதை வடிவமைத்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். அதிலேயே ஒரு பக்கம், அக்கம்பக்கத்து மக்கள், தொழிலாளர்கள், வாடிக்கையாளர்கள், சப்ளையர்களிடமிருந்து வந்த புகார்களின் அட்டவணை. சில அறிக்கைகளைப் புரட்டினால் வரிசையாகப் பூஜ்யம். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் ஒரு வருஷத்தில் ஒருவருக்குக்கூட ஒரு குறையும் இல்லை என்பதை, ஒரு நாளாவது ஷாப் ஃப்ளோரில் நின்றவர்கள் நம்ப மாட்டார்கள். என்னைக் கேட்டால், நாற்பது புகார் வந்தது, முப்பத்தைந்து தீர்ந்தது என்று எழுதுகிற கம்பெனியில்தான் தொழிலாளிக்கு வாய் திறக்கத் தைரியம் இருக்கிறது. மார்க் போடுகிறவர்கள் அப்படிப் பார்க்கிறார்களா?

பார்ப்பதில்லை என்று சந்தேகப்பட ஆதாரம் இருக்கிறது. அனீஷ் ரகுநந்தன், சிவா ராஜ்கோபால் இருவரும் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. பொறுப்பான ஃபண்ட் என்று பெயர் வைத்து விற்கப்படும் ஃபண்டுகள் எந்தக் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருக்கின்றன என்று எடுத்து, அந்தக் கம்பெனிகள் தொழிலாளர் சட்டத்தையும் சுற்றுச்சூழல் சட்டத்தையும் எத்தனை முறை மீறின என்ற அரசாங்கப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். அதே நிர்வாகிகள் நடத்தும் சாதாரண ஃபண்டுகளைவிட, இவற்றில் இருந்த கம்பெனிகளின் சட்ட மீறல் அதிகமாக இருந்தது. இந்தக் கம்பெனிகள் வாங்கிய நல்ல மார்க் எதோடு ஒத்துப்போனது என்றால், கம்பெனி தானே முன்வந்து எவ்வளவு எழுதி வெளியிடுகிறது என்பதோடு. உண்மையில் சட்டத்தை எப்படிக் கடைப்பிடிக்கிறது என்பதோடு இல்லை. தடிமனான அறிக்கைக்கு மார்க். என் மேஜையில் உட்கார்ந்து பார்க்கும் எனக்கு இது புதிய செய்தி இல்லை. ஆனால் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார் என்பது பெரிய ஆறுதல்.

கொடைக்கானல் இதற்கு நம் கண்முன் இருக்கும் உதாரணம். யூனிலீவர் பல ஆண்டுகள் உலக நிலைத்தன்மைப் பட்டியல்களில் முன்வரிசையில் இருந்த நிறுவனம். அதன் 2010-ஆம் ஆண்டு நிலைத்தன்மைத் திட்டத்தை மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமாகவே நடத்துகிறார்கள். அதன் இந்திய நிறுவனத்துக்குச் சொந்தமான கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, 2001-இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்தது. ஆலை மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது 2016-இல். தொழிலாளர்களின் உடல்நலக் குறைவுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பது நிறுவனத்தின் வாதம். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்தப் பதினைந்து ஆண்டுகளும் மலைமேல் போராடியவர்களின் குரல், பட்டியல் போட்டவர்களின் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் நொய்யலையும் சொல்லியாக வேண்டும். சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே ஈரோடு, கரூர் பக்கத்து விவசாயிகளின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது ஊரறிந்த கதை. அதை நிறுத்தியது எந்த முதலீட்டாளரும் இல்லை, எந்த ஏஜென்சியின் மார்க்கும் இல்லை. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே வரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2009-இல் உறுதி செய்தது, அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. எத்தனை குடும்பம் வேலை இழந்தது என்பதை நான் மறக்க மாட்டேன், ஆனால் விவசாயிகள் கேட்டது நியாயம். அந்தப் பட்டறைகளில் பெரும்பாலானவை தனிநபர் சொத்து அல்லது பார்ட்னர்ஷிப். பங்குச் சந்தைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. பங்குகளை வைத்து அளக்கும் எந்த ஆய்வுக்கும் அவை கண்ணில் பட்டிருக்காது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் செபி, பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களைப் பற்றியும் தகவல் தர வேண்டும் என்று 2023-இல் கொண்டுவந்தது. நான் மிகவும் எதிர்பார்த்த ஏற்பாடு. கடைசியில் 2025 மார்ச்சில் அதை விருப்பப்பட்டால் செய்யலாம் என்று தளர்த்திவிட்டார்கள். அதிலும் நிறுவனத்தின் மொத்தக் கொள்முதலில் அல்லது விற்பனையில் தனித்தனியாக 2 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ளவர்களைப் பற்றிச் சொன்னால் போதும். ஒரு பெரிய துணிக்கடை நிறுவனத்தின் கொள்முதலில், பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர் எந்தக் காலத்தில் 2 சதவீதத்தைத் தொடுவார்? ஆர்டர் பெருகி நாள் நெருங்கினால் பீஸ் எங்கே போகிறது என்று இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆடிட் ஆன ஃபேக்டரியிலிருந்து ஆடிட் ஆகாத சின்ன ஷெட்டுக்குத்தான் போகும். ஒன்றரை ஷிப்ட் ஓடுவதும் கழிப்பறை ஒன்றே ஒன்று இருப்பதும் அங்கேதான்.

இதெல்லாம் பங்கு வாங்குகிறவர்கள் பாடு, நமக்கென்ன என்று தங்கள் வாசகர்கள் பலரும் நினைக்கலாம். 2015 ஆகஸ்ட் முதல் பி.எஃப். நிறுவனம் புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் போடுகிறது. 5 சதவீதத்தில் தொடங்கியது 15 சதவீதமாக உயர்ந்தது. நிஃப்டி 50, சென்செக்ஸ் பட்டியல்களைப் பின்பற்றும் ஃபண்டுகளில் அந்தப் பணம் போகிறது. சிகரெட் விற்கும் கம்பெனியும் அந்தப் பட்டியலில் உண்டு. சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தம் கொடுக்கும் எங்கள் டெய்லரும் செக்கிங் பெண்ணும் அந்த வகையில் முதலீட்டாளர்கள்தான். ஒரு கையால் தைத்துக்கொண்டே மறு கையால் பங்கு வைத்திருக்கிறார்கள். அவர்கள் பணம் எந்த மாதிரிக் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று அவர்களைக் கேட்டவர்கள் இல்லை. பொறுப்பான முதலீட்டாளர் என்ன விரும்புகிறார் என்று நான் படித்த கட்டுரைகளிலும் ஃபண்ட் மேனேஜரும் வசதியான சேமிப்பாளரும்தான் வருகிறார்கள்.

தங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒவ்வொரு காலாண்டும் நிறுவனங்களின் லாப நஷ்டக் கணக்கை ஒரு பக்கம் முழுக்கப் போடுகிறீர்கள். ஆண்டறிக்கைகள் வரும் மாதங்களில், தமிழ்நாட்டில் ஆலை உள்ள நிறுவனங்களின் பி.ஆர்.எஸ்.ஆர். விவரங்களையும் தமிழில் போடுங்கள். எல்லாம் வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், ஆண் பெண் இடைநிலைச் சம்பளம், விபத்து எண்ணிக்கை, வந்த புகார், தீர்ந்த புகார், கழிவு நீர் எங்கே போகிறது, இவ்வளவு போதும். அந்தந்த ஆலை வாசலில் டீ குடித்துக்கொண்டே பேப்பர் படிக்கிறவர், தன் கம்பெனி தன்னைப் பற்றி என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்ப்பார். அறிக்கை சரியா தவறா என்று சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யாருமில்லை.

இன்னொன்று, தங்கள் பத்திரிகை வழியாக நம் ஊர்க் கல்லூரிகளின் வணிகவியல், சமூகப்பணித் துறைகளுக்கு. பொறுப்பான முதலீடு பற்றி முதலீட்டாளர்களின் மனப்பான்மை என்று கூகுள் ஃபார்ம் அனுப்பி எழுதும் ஆய்வேடுகள் போதும். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் பதிவு செய்த விபத்துகள், தொழிலாளர் நீதிமன்ற வழக்குகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீஸ்கள் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் தன் அறிக்கையில் எழுதியிருப்பதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் அந்த இருவரும் செய்தது இதைத்தான்; அங்கே மீறல் விவரங்கள் பொதுப் பார்வைக்குக் கிடைத்தன. இங்கே அலுவலகம் அலுவலகமாக ஏற இறங்க வேண்டியிருக்கும். ஒரு மாவட்டத்துக்கு ஒரு மாணவர் செய்தாலும் போதும்.

அந்த அட்டவணைகளை எப்படிப் படிப்பது, எந்த எண்ணுக்குப் பின்னால் எந்த ரெஜிஸ்டர் இருக்கிறது என்று தங்கள் நிருபருக்கோ மாணவர்களுக்கோ சொல்லித்தர நான் தயாராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். வேலை காரணமாக என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனி ஊழியர், வாசகி,
திருப்பூர்.